பதினான்கு புத்தகங்களும் ஒரு கீரைக்கட்டும்

சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளியின் விஞ்ஞானக் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். கீரைகளைப் பற்றி ஒரு மேசை இருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இருவர் அதன் பின்னால் நின்றிருந்தார்கள். மேசைமேல் தொட்டியில் ஒரு கொடிப்பசலை. சுவரில் வண்ண அட்டை. அட்டையில் ஒரு கீரையின் படம், அதன்கீழே கொட்டை எழுத்தில் ஒரு வாக்கியம்: "100 கிராம் பசலைக்கீரையில் 30 மில்லிகிராம் இரும்புச்சத்து உள்ளது."

எனக்குச் சற்றுச் சந்தேகம். ஆய்வறிக்கையை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். "துணைநூற்பட்டியல்" என்ற தலைப்பில் பதினான்கு புத்தகங்கள் வரிசையாக இருந்தன. அழகான கையெழுத்து.

"இந்த 30 மில்லிகிராம் என்ற கணக்கு இவற்றில் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, அம்மா?" என்று கேட்டேன்.

ஒருத்தி மற்றவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "பத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார்கள், சார். போன வருஷத்து அக்காவின் நோட்டிலிருந்து எழுதினோம்" என்றாள்.

பட்டியலை மறுபடி பார்த்தேன். ஏழாவது புத்தகம் நன்னீர் மீன் வளர்ப்பு பற்றியது. போன வருஷத்து அக்கா மீன் வளர்ப்புப் பற்றி ஆய்வு செய்திருப்பாள் போலிருக்கிறது!

அந்தப் பெண்களுக்கு நான் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. கேட்டவுடன் உண்மையைச் சொன்னார்கள். குறைப்பதென்றால், பத்துக்குக் குறையக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கிற எங்களைப் போன்ற பெரியவர்களுக்கல்லவா குறைக்க வேண்டும்? புத்தகங்களை எண்ணச் சொல்லிக் கொடுத்தோம், எண்ணிவிட்டார்கள். ஒவ்வொரு புத்தகத்தின் பெயருக்குக் கீழும், "இது என்ன சொல்கிறது, இதை எந்த அளவுக்கு நம்பினேன்" என்று நான்கு வரி எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தால், அந்த மீன் புத்தகம் கீரை மேசைக்கு வந்திருக்காது. 30 மில்லிகிராமும் வந்திருக்காது. இப்படிக் குறிப்புரையோடு எழுதும் துணைநூற்பட்டியலை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பழக்க வேண்டும் என்பது என் கட்சி. கல்லூரி ஆராய்ச்சி மாணவர்களின் வேலை என்று இதைத் தள்ளி வைக்கிறோம். அவர்களுக்கும் அப்போதுதான் முதல் தடவையாகச் சொல்லிக் கொடுக்கிறோம்.

முதலில் அந்த 30 மில்லிகிராமை எடுத்துக் கொள்வோம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையில், ஸ்பினச் என்னும் கீரையின் பச்சை எடை 100 கிராமுக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராம் இரும்புதான் காட்டப்பட்டிருக்கிறது. அட்டையில் இருந்தது பத்து மடங்கு! இந்தப் பத்து மடங்கு எங்கிருந்து வந்திருக்கக்கூடும்? அந்தக் கீரையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராம் கீரையைத் தண்ணீர் முழுவதும் போகும்படி உலர்த்தினால் எஞ்சுவது சுமார் 9 கிராம் தூள். ஆனால் 3 மில்லிகிராம் இரும்பு எங்கும் போகாது, அந்தத் தூளிலேயே இருக்கும். ஆகவே 100 கிராம் உலர்ந்த தூளுக்கு என்று கணக்கிட்டால் விடை 30க்கு மேல் வரும். இரண்டு எண்களுமே சரிதான். ஒன்று பச்சைக்கீரைக்கு, மற்றது உலர்ந்த கீரைக்கு. "உலர்ந்த" என்ற ஒரு சொல்லை யாரோ ஒருவர் நகலெடுக்கும்போது விட்டுவிட்டால் போதும்.

கீரையின் பெயரிலும் குழப்பம் இருந்தது. தொட்டியில் இருந்தது கொடிப்பசலை. அது பந்தலில் ஏறும் கொடி. இலை தடித்து வழவழப்பாக இருக்கும். அட்டைப் படத்தில் இருந்ததோ ஐரோப்பியர் ஸ்பினச் என்று சொல்லும் கீரை. அது கொடியன்று, தரையோடு ஒட்டி வளரும் சிறு செடி. நம் சந்தைகளில் பாலக்கீரை என்ற பெயரில் கிடைப்பது அதுவாகவோ, அதை ஒத்த பீட்ரூட் இனத்துக் கீரையாகவோ இருக்கும். தாவரவியலார் ஸ்பினச்சையும் கொடிப்பசலையையும் வெவ்வேறு குடும்பங்களில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் மொழிபெயர்ப்புகள் பலவற்றில் ஸ்பினச் என்று வரும் இடத்தில் "பசலைக்கீரை" என்று போட்டுவிடுகிறார்கள். ஒரு கீரையின் படம், இன்னொரு கீரையின் செடி, உலர்ந்த தூளின் கணக்கு, எல்லாம் ஒரே மேசையில்! மாணவிகள் எதையும் கற்பனை செய்யவில்லை. எழுதியிருந்ததைத்தான் எழுதினார்கள்.

பள்ளிப் பிள்ளைகள் மட்டும்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இதே கீரையிடம் பெரிய விஞ்ஞானிகளும் சறுக்கியிருக்கிறார்கள்.

ஸ்பினச்சில் இரும்பு மிக அதிகம் என்ற நம்பிக்கை மேல்நாடுகளில் நெடுங்காலமாக இருந்தது. 1981 டிசம்பரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் ஒரு சுவையான கட்டுரை எழுதினார். பழைய ஆராய்ச்சியாளர் ஒருவர் தசமப்புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்துவிட்டார், அதனால்தான் பத்து மடங்காகிவிட்டது, 1930களில் ஜெர்மன் வேதியியலார் மறுபடி சோதித்தபோது பிழை தெரிந்தது என்று அதில் சொல்லியிருந்தார். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஒரு புள்ளி செய்த கோளாறு! உடனே பலரும் தத்தம் நூல்களிலும் கட்டுரைகளிலும் இதை எடுத்தாண்டார்கள். விஞ்ஞானத்தில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு உதாரணமாகவே எடுத்தாண்டார்கள்.

ஹாம்ப்ளின் தம் கூற்றுக்கு ஆதாரம் எதுவும் குறிப்பிடவில்லை. 2010இல் சட்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் அந்த ஆதாரத்தைத் தேடிப் புறப்பட்டார். பழைய சஞ்சிகைகளைத் துருவினார். ஹாம்ப்ளினிடமே கேட்டார். எங்கே படித்தோம் என்று அவருக்கு நினைவில்லை. தசமப்புள்ளி இடம்மாறியதற்குச் சான்று எதுவும் அகப்படவில்லை. அதாவது, கவனக்குறைவைக் கண்டிக்கச் சொல்லப்பட்ட கதையே கவனமில்லாமல் பரவிய கதை! 2014இல் ரெக்டால் என்ற நார்வே நாட்டு அறிஞர் இந்தக் கதை கட்டுரைக்குக் கட்டுரை எப்படித் தாவிச் சென்றது என்பதை விரிவாக எழுதினார். மூலத்தைப் பார்க்காமல், மூலத்தைப் பார்த்ததாகச் சொல்பவரைப் பார்த்து எழுதுவதுதான் காரணம்.

(நீங்களும் விழிப்பாக இருங்கள். நான் மேலே சொன்ன "உலர்ந்த கீரை" விளக்கம் கணக்குக்குப் பொருந்துகிறது, அவ்வளவே. அந்த மாணவிகளின் அட்டைக்கு 30 என்ற எண் அந்த வழியாகத்தான் வந்தது என்பதற்கு என்னிடம் சான்றில்லை. அதனால்தான் "வந்திருக்கக்கூடும்" என்று எழுதினேன்.)

படிக்காமல் மேற்கோள் காட்டுவது எவ்வளவு பரவலான பழக்கம் என்பதை அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் ஒரு வேடிக்கையான முறையில் கணக்கிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது அச்சுப்பிழைகளை! இயற்பியலில் பெயர்பெற்ற ஒரு கட்டுரையை 4,300 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன. அவற்றுள் 196 இடங்களில் அதன் பக்க எண்ணோ தொகுதி எண்ணோ பிழையாக அச்சாகியிருந்தது. 196 பேரும் தாமே மூலத்தைப் பார்த்துத் தாமே பிழை செய்திருந்தால் பிழைகள் பலவிதமாக இருக்க வேண்டும். இருந்தவையோ 45 விதமான பிழைகள்தாம். அதிலும் ஒரே ஒரு பக்க எண் பிழை 78 தடவை வந்திருந்தது. தேர்வில் இரண்டு மாணவர்களின் விடையில் ஒரே எழுத்துப்பிழை இருந்தால் ஆசிரியர் என்ன முடிவுக்கு வருவார்? அதே முடிவுக்குத்தான் இவர்களும் வந்தார்கள். மேற்கோள் காட்டுவோரில் ஐந்தில் ஒரு பங்கினர்தாம் மூலத்தைப் படிக்கிறார்கள் என்பது 2003இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் மதிப்பீடு.

போன வருஷத்து அக்காவின் நோட்டு உலகம் முழுவதும் சுற்றுகிறது, பார்த்தீர்களா?

நான் சொல்லும் குறிப்புரைப் பட்டியல் புதுமையான சங்கதியன்று. கொன்ராட் கெஸ்னர் என்ற சுவிட்சர்லாந்து இயற்கை விஞ்ஞானி 1545இல் லத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளில் எழுதிய ஏறத்தாழ 3,000 ஆசிரியர்களின் நூல்களைப் பட்டியலிட்டு ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். பெயர்களை மட்டும் அடுக்காமல் பல நூல்களுக்குத் தம் குறிப்புகளையும் சேர்த்தார். பிறகுதான் விலங்குகளைப் பற்றிய தம் பெரிய நூலை வெளியிடத் தொடங்கினார். நம் நாட்டில், 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த டாக்டர் உ.வே.சாமிநாதையர், தமக்குக் கிடைத்த ஏட்டுப் பிரதிகள் எங்கிருந்து வந்தவை, எவை குறைப்பிரதிகள் என்ற விவரங்களை முன்னுரையில் எழுதி வைத்தார். அவர் பதிப்பைப் படிப்பவர்கள் எந்த அடித்தளத்தின்மேல் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு படிக்கலாம்.

சரி, எப்படி எழுதுவது? நூலின் பெயர், ஆசிரியர், வெளியிட்டவர், ஆண்டு, நீங்கள் பார்த்த பக்கம், இவையெல்லாம் ஒரு வீட்டின் முகவரியைப் போன்றவை. இன்னொருவர் அந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். இதில் கற்றுக்கொள்ள அதிகமில்லை. பிழையில்லாமல் எழுதினால் போதும். முகவரிக்குக் கீழே எழுதும் நான்கைந்து வரிகளில்தான் வேலை இருக்கிறது.

பெரும்பாலான மாணவர்கள் முதல் தடவை இப்படி எழுதுவார்கள்: "இந்நூல் மிகவும் பயனுள்ளது. எளிய நடையில் எழுதப்பட்டுள்ளது. அனைவரும் படிக்க வேண்டிய நூல்." இந்தக் குறிப்பை அந்த மீன் வளர்ப்புப் புத்தகத்துக்குக் கீழே எழுதிப் பாருங்கள். பொருந்துகிறது. இராமாயணத்துக்குக் கீழே எழுதுங்கள். அதற்கும் பொருந்துகிறது. எல்லாப் புத்தகத்துக்கும் பொருந்துகிற குறிப்பை எழுதுவதற்கு எந்தப் புத்தகத்தையும் திறக்க வேண்டியதில்லை.

இப்போது இதைப் பாருங்கள். முன்னே சொன்ன ஐதராபாத் அட்டவணைக்கு ஒரு மாணவி எழுதக்கூடிய குறிப்பு: "528 உணவுப் பொருள்களை நாட்டின் 6 பகுதிகளிலிருந்து திரட்டி ஆய்வுக்கூடத்தில் அளந்து எழுதியது. எண்கள் சமைக்காத உணவுக்கு, 100 கிராமுக்கு. என் அட்டையிலுள்ள இரும்பின் அளவு இதிலிருந்து எடுத்தது. கீரையை வேகவைத்து நீரை வடித்தால் எவ்வளவு குறையும் என்பதற்கு இதில் நான் விடை காணவில்லை."

இதில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு வேலை செய்கிறது. என்ன சொல்கிறது என்பது ஒன்று. எனக்கு எதற்குப் பயன்பட்டது என்பது ஒன்று. எது கிடைக்கவில்லை என்பது ஒன்று. எல்லாவற்றிலும் முக்கியமானது, "இந்த நூலுக்கு இது எப்படித் தெரிந்தது?" என்ற கேள்விக்கு விடையாக எழுதும் வாக்கியம். தானே அளந்ததா, அளந்தவரைக் கேட்டதா, கேட்டவரைப் படித்ததா? ஹாம்ப்ளினின் கட்டுரைக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்த ஒருவர் இந்த இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தியிருப்பார். "ஆதாரம் எதுவும் காட்டவில்லை" என்று எழுத வேண்டியிருந்திருக்கும். அதை எழுதிய பிறகு அந்தக் கதையை அவ்வளவு துணிவாகத் தம் கட்டுரையில் சேர்க்கக் கை வந்திருக்குமா?

புத்தகத்துக்கு மட்டும்தான் குறிப்பு என்பதில்லை. உங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் அம்மாவிடம் பேசினீர்களானால் அவரும் பட்டியலில் இடம்பெற வேண்டும். "நாற்பது ஆண்டுகளாகக் கீரை விற்பவர். கொடிப்பசலையையும் பாலக்கீரையையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் காட்டினார். எந்தக் கீரை எத்தனை மணி நேரத்தில் வாடும் என்பதில் அவர் சொல்வதை முழுதும் நம்பலாம். எந்தக் கீரை ரத்தம் ஊறச் செய்யும் என்று சொன்னது அவர் பிறரிடம் கேட்டது." ஒருவர் எதில் நேரே அறிந்தவர், எதில் கேள்விப்பட்டவர் என்று பிரித்து எழுதப் பழகிய மாணவன், பெரிய பேராசிரியர்களின் நூல்களையும் அதே கண்ணோடு பார்ப்பான்.

புரட்டிப் பார்த்துப் பயன்படாது என்று வைத்துவிட்ட நூலையும் ஒரு வரி எழுதிச் சேர்க்கச் சொல்வேன். "தலைப்பு கீரை என்றிருந்தாலும் சமையல் முறைகளே உள்ளன, பயன்படவில்லை." அடுத்து வருகிற மாணவனுக்கு ஒரு மாலை நேரம் மிச்சம்.

ஆசிரியர் நண்பர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். "நாற்பது நிமிஷப் பாடவேளையில், அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்கிற காரியமா?" நியாயமான கேள்விதான். அதனால்தான் பத்து, பதினான்கு என்ற எண்ணிக்கையை விட்டுவிடச் சொல்கிறேன். மூன்று போதும். மூன்று மூலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி. பள்ளியில் நூலகம் பூட்டியே கிடக்கிறதா? பாடப்புத்தகம் ஒன்று, செய்தித்தாள் துணுக்கு ஒன்று, ஊரில் விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவர் என்று மூன்று அகப்படும். பாடப்புத்தகத்துக்கே குறிப்பு எழுதலாம் என்பது பல மாணவர்களுக்குத் தோன்றுவதில்லை.

"குறிப்புரையையும் காப்பியடிப்பார்களே?" என்பது அடுத்த கேள்வி. அடிப்பார்கள். இதற்கு மருந்து இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "நீரை வடித்தால் எவ்வளவு குறையும் என்று விடை காணவில்லை என்கிறாயே, எங்கெங்கே தேடினாய்?" என்று நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும். பதினான்கு பெயர்கள் மட்டும் உள்ள பட்டியலில் அப்படிக் கேட்பதற்கு எந்த இடமும் இல்லை.

கணினியையும் கைபேசியையும் பற்றி ஒரு வார்த்தை. இன்று பட்டியல் வேண்டுமென்று உரையாடு செயலியிடம் கேட்டால் நொடியில் தந்துவிடும். நூலின் பெயர், ஆசிரியர், பக்கம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். சில வேளைகளில் நூல் மட்டும் உலகத்தில் இருக்காது! 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி என்ற செயலியிடம் முன்மாதிரித் தீர்ப்புகளைக் கேட்டு வாங்கி நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட வழக்குகளே நடந்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். நீங்கள் கணினியைக் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது சொன்ன புத்தகத்தைக் கையிலெடுத்துப் பக்கத்தைத் திறந்த பிறகுதான் உங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டும். "எப்படித் தெரிந்தது?" என்ற வரியைத் திறக்காத புத்தகத்துக்கு எழுத முடியாது.

குறிப்புகளை எப்போது எழுதுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறிக்கையைத் தைக்கப் போகும் முந்தின இரவு அன்று. புத்தகம் கையில் இருக்கும்போதே, மூடுவதற்கு முன்னால். ஒரு மூலத்துக்கு ஓர் அட்டை என்று வைத்துக்கொண்டால் பிறகு அடுக்குவது எளிது. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் இதற்கு அருமையாகப் பயன்படும்.

அந்தக் கீரை மேசை மாணவிகளில் ஒருத்தி மூன்று வாரம் கழித்து எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். வீட்டுக்குப் போனதும் ஒரு கட்டுப் பாலக்கீரை வாங்கி, மளிகைக் கடைத் தராசில் 100 கிராம் நிறுத்து, மொட்டை மாடியில் உலர்த்தியிருக்கிறாள். நான்காம் நாள் எஞ்சியது 12 கிராம். அறிக்கையைத் திருத்தி எழுதிவிட்டாளாம். பட்டியல் பதினான்கிலிருந்து நான்காகக் குறைந்துவிட்டது என்று கொஞ்சம் வருத்தத்தோடுதான் எழுதியிருந்தாள். நான்காவதாக அவளுடைய சோதனையே இடம்பெற்றிருந்தது. அதற்குக் கீழே இந்தக் குறிப்பு:

"நானே செய்தது. ஒரே ஒரு தடவைதான் செய்தேன். தராசு 2 கிராம் வரை தவறு காட்டும் என்று கடைக்காரர் சொன்னார். இரண்டாம் நாள் மாலை மழைத் தூறல் விழுந்தது. கீரை இன்னும் கொஞ்சம் ஈரமாக இருந்திருக்கலாம்."